ராக்கெட் ரயில் எஞ்சின் ஜிக்சா: 1000 துண்டுகளில் வெள்ளையை எப்படிச் சமாளிப்பது?

1829-ல் ராபர்ட் ஸ்டீபன்சன் கம்பெனி நியூகாசிலில் கட்டிய 'ராக்கெட்' எஞ்சின் படம் போட்ட ஜிக்சாக்களில் பெரும்பாலும் மஞ்சள் பாய்லர், உயரமான வெள்ளைப் புகைபோக்கி, பின்னால் வானம், நடுவே ஆவி என்று இருக்கும். மஞ்சள் தானாகவே சேர்ந்துவிடும். ஆளைக் கவிழ்ப்பது வெள்ளைதான்.

இடமும் வெளிச்சமும்

முடிந்த படம் ஏறத்தாழ 70×50 செ.மீ. வரும். 90×60 செ.மீ. பிளைவுட் பலகை ஒன்று போதும். சுருட்டி வைக்கும் துணி விரிப்பை வாங்காதீர்கள்; ஒவ்வொரு முறை சுருட்டும்போதும் ஓரம் நெகிழ்ந்துவிடும். மஞ்சள் பல்பையும் தவிர்க்கவும். அதன் கீழே வெளிர் மேகமும் பாய்லரும் ஒரே நிறமாகத் தெரியும். பக்கவாட்டில் ஒரு வெள்ளை எல்இடி விளக்கு வையுங்கள்.

துண்டுகளை முதலில் சல்லடையில் போட்டுக் குலுக்குங்கள். குழியில் அட்டைத்தூள் இருந்தால் சரியான துண்டும் முழுதாக உட்காராது.

விளிம்பு: 126

1000 என்று பெட்டியில் போட்டிருந்தாலும் வெட்டு பெரும்பாலும் 38×27 (அதாவது 1026) அல்லது 40×25. இரண்டிலுமே விளிம்புத் துண்டுகள் 126தான். பிரிக்கும்போதே எண்ணிவிடுங்கள். ஒன்றிரண்டு குறைந்தால் பெரும்பாலும் உள்துண்டுகளோடு கலந்திருக்கும்.

விளிம்புச் சட்டம் மூடிக்கொண்டதும் எதிரெதிர் பக்கங்களை எண்ணிப் பாருங்கள். மேலே 37, கீழே 38 என்று வந்தால் ஏதோ ஒரு துண்டு இடம் மாறியிருக்கிறது. எண்ணிக்கை சரியாக இருந்தும் உள்துண்டு எதுவும் பொருந்தவில்லையா? வானப் பக்க விளிம்பில் இரண்டு துண்டுகள் இடம் மாறி உட்கார்ந்திருக்கலாம். இதைக் கவனிக்காமல் உள்ளே போனால் அரை நாள் வீண்.

எஞ்சினைச் சாய்கோட்டில் பிடியுங்கள்

முன்சக்கரம் பெரியது, பின்சக்கரம் சிறியது. முதலில் பெரிய சக்கரத்தின் வளையத்தைச் சேருங்கள். ராக்கெட்டின் சிலிண்டர் பாய்லரின் பின்பக்கம், மேலே, ஏறத்தாழ 38 டிகிரி சாய்வில் இருக்கிறது. அதிலிருந்து இறங்கும் தண்டு முன்சக்கரத்தைப் பிடிக்கும். அந்தச் சாய்கோடு ஓடும் துண்டுகளைத் தனித்தட்டில் போட்டால் பாய்லரும் சக்கரமும் தாமாகவே இணைந்துவிடும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. இணையத்தில் அசல் ராக்கெட்டின் படத்தைத் தேடி ஒப்பிடாதீர்கள். ஓட ஆரம்பித்த சில ஆண்டுகளுக்குள் சிலிண்டர்களைக் கிட்டத்தட்ட கிடைமட்டமாக இறக்கிவிட்டார்கள். இன்று எஞ்சியிருப்பதில் அந்த மஞ்சளும் இல்லை. பெட்டி மூடியையோ, 1829 வடிவில் செய்த மாதிரி எஞ்சினின் படத்தையோ பாருங்கள்.

வெள்ளை: நிறத்தை மறந்துவிடுங்கள்

1829-ல் ராக்கெட் ஜெயித்த ரெயின்ஹில் ரயில் எஞ்சின் போட்டியின் விதிகளில் ஒன்று, எஞ்சின் தன் புகையைத் தானே எரித்துக்கொள்ள வேண்டும் என்பது. எரிபொருள் கோக், அதாவது புகை குறைவாக வரும்படி பதப்படுத்திய நிலக்கரி. அதனால் விவரம் தெரிந்த ஓவியர் கரும்புகை போடமாட்டார்; வெள்ளை ஆவிதான் போடுவார். அது மேகத்தோடு கலந்து 250, 300 துண்டுகளை விழுங்கிவிடும்.

இந்த இடத்தில் வடிவம்தான் கைகொடுக்கும். துண்டின் ஓரத்தில் வெளியே துருத்தும் குமிழ் இல்லாதது, ஒன்று, எதிரெதிரே இரண்டு, பக்கத்துப் பக்கத்தில் இரண்டு, மூன்று, நான்கு என ஆறு குவியல் போடுங்கள். சாதாரண வெட்டில் எதிரெதிர் இரண்டு குமிழ்தான் மிக அதிகம். அந்த வகைத் துண்டுகள் அடுத்தடுத்து வந்தால், ஒன்றில் குமிழ் மேலும் கீழும் இருக்க, அடுத்ததில் இடமும் வலமும் இருக்கும், சதுரங்கக் கட்டம் மாதிரி. அதனால் ஒவ்வொரு துண்டையும் நாலு திசையில் திருப்ப வேண்டாம். இரண்டு திசை போதும்.

பொய்யாகப் பொருந்துவதுதான் பெரிய தலைவலி. மூன்று சோதனை:

- இணைந்த இரண்டில் ஒன்றை மட்டும் பிடித்துத் தூக்குங்கள். மற்றது உடனே விழுந்தால் சந்தேகப்படுங்கள்.
- ட்யூப்லைட்டுக்கு எதிரே பிடித்தால் இடுக்கில் வெளிச்சம் கசியக் கூடாது.
- நாலு துண்டுகளின் மூலைகள் ஏறக்குறைய ஒரே புள்ளியில் சந்திக்க வேண்டும்.

அழுத்தி உட்கார வைக்கவேண்டிய துண்டு பெரும்பாலும் தவறான துண்டு.

பிற்சேர்க்கை: பசை

சட்டம் போடுவதானால் பலகைக்கும் படத்துக்கும் நடுவே முதலிலேயே பட்டர் பேப்பர் விரித்திருக்க வேண்டும். வெள்ளை ஃபெவிகால் மாதிரிப் பசையைச் சற்று நீர்க்க வைத்து, பழைய விசிட்டிங் கார்டால் மெல்லிசாக இழுங்கள். அதிகத் தண்ணீர் விட்டால் அட்டை ஊறி மேல்தாள் சுருங்கும். நன்றாகக் காயும்வரை தூக்க வேண்டாம்.