காரில் போனாலே குழந்தைக்குக் குமட்டலா? கிளம்பும் முன்பிருந்து செய்ய வேண்டியவை

கார் கிளம்பிய புதிதில் பின்சீட்டில் ஓயாமல் பேசிக்கொண்டு வரும் பிள்ளை, கொஞ்ச நேரத்தில் திடீரென்று அமைதியாகிவிடும். ஒரு கொட்டாவி வரும், அப்புறம் இன்னொன்று. உதடு வெளுக்கும், எச்சிலை அடிக்கடி விழுங்கும். நெற்றியைத் தொட்டால் சில்லென்று வியர்த்திருக்கும். "வயிறு ஒரு மாதிரி இருக்கும்மா" என்று அது சொல்லி முடிப்பதற்குள் வாந்தி வந்துவிடும்.

இப்படிப்பட்ட பிள்ளைக்கு நாம் முதலில் யோசிப்பது சாப்பாட்டைப் பற்றித்தான். சாப்பாடும் முக்கியம், ஆனால் அது மூன்றாவது வேலை. முதல் இரண்டும் கண்ணைப் பற்றியவை. அதற்கான காரணத்தை மட்டும் புரிந்துகொண்டால் மற்ற படிகள் தாமாகவே விளங்கும்.

ஏன் இப்படி ஆகிறது?

காதின் உட்பகுதியில் உடலின் சமநிலையைக் கவனிக்கும் உறுப்பு இருக்கிறது. கார் திரும்புவது, வேகமெடுப்பது, பிரேக் போடுவது எல்லாவற்றையும் அது உணர்ந்து மூளைக்குச் சொல்லும். அதே நேரம் குழந்தையின் கண்ணுக்குத் தெரிவதோ முன்சீட்டின் முதுகும் மடியில் இருக்கும் புத்தகமும்தான். இரண்டும் அசைவதில்லை. காது "நகர்கிறோம்" என்கிறது, கண் "சும்மா உட்கார்ந்திருக்கிறோம்" என்கிறது. இந்த முரண்பாடுதான் குமட்டலாக மாறுகிறது. அந்தச் சமநிலை உறுப்பு இயங்காதவர்களுக்கு வண்டியிலோ கப்பலிலோ இந்தக் குமட்டல் வருவதே இல்லை. வண்டி ஓட்டுபவருக்கு அநேகமாக ஒன்றும் ஆகாததற்குக் காரணம், அவருக்கு இந்த முரண்பாடு இல்லாததுதான். அவர் கண் சாலையில் இருக்கிறது, அடுத்த வளைவு எப்போது வரும் என்று அவருக்கு முன்பே தெரியும்.

2 வயதிலிருந்து 12 வயது வரைதான் இந்தத் தொல்லை அதிகம். வளர வளரப் பலருக்குக் குறைந்துவிடும். "உனக்கு மட்டும் ஏன் இப்படி?" என்று பிள்ளையைக் கேட்காதீர்கள். சார்ல்ஸ் டார்வின் 1831-இல் பீகிள் கப்பலில் புறப்பட்டு 1836-இல் திரும்பும் வரை கடல் குமட்டலால் மிகவும் அவதிப்பட்டார். இது பலவீனமில்லை, உடலின் இயல்பு. இதைப் பிள்ளையிடம் சொல்வதே அதற்குப் பெரிய ஆறுதல்.

படி 1: சாலை தெரிகிற இடத்தில் உட்கார வையுங்கள்

பின்சீட்டின் நடு இடத்திலிருந்து பார்த்தால் முன்கண்ணாடி வழியாகச் சாலை நேராகத் தெரியும். அந்த இடத்தில் சீட் பெல்ட்டோ குழந்தை சீட்டோ சரியாகப் பொருந்தினால் அங்கேயே உட்கார வையுங்கள். பக்கவாட்டுக் கண்ணாடியில் அருகிலுள்ளவை விர்ரென்று பின்னால் ஓடும், அதைப் பார்த்தால் குமட்டல் கூடும். தலையை ஹெட்ரெஸ்ட்டில் சாய்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். தலை ஆடுவது குறைந்தாலே பாதி நிம்மதி.

ஒன்றை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். "முன்னால் உட்கார்ந்தால் வாந்தி வராது" என்று சின்னப் பிள்ளையை முன்சீட்டுக்கு மாற்றக் கூடாது. 13 வயதுக்குக் கீழுள்ளவர்களுக்குப் பின்சீட்டே பாதுகாப்பு. பின்னோக்கி வைக்கும் குழந்தை சீட்டில் இருக்கும் சிறு குழந்தையையும் இதற்காக முன்பக்கம் பார்த்துத் திருப்பி வைக்காதீர்கள். வாந்தி வந்தால் துடைத்துக்கொள்ளலாம்.

படி 2: கைப்பேசி, டேப்லெட், புத்தகம் எல்லாம் பைக்குள்

பிள்ளை அழாமல் வரட்டும் என்று கைப்பேசியைக் கொடுப்பதுதான் இருப்பதிலேயே மோசமான உதவி. வண்ணம் தீட்டும் புத்தகமும் அப்படியே. குனிந்து கிட்டத்தில் பார்க்கிற எதுவும் வேண்டாம்.

அதற்குப் பதிலாகக் காதுக்கு வேலை கொடுங்கள்: பாட்டு, ஒலிக் கதை, விடுகதை. கண்ணுக்கு வேலை வேண்டுமென்றால் தூரத்தில் இருப்பதாகக் கொடுங்கள். நல்ல விளையாட்டு ஒன்று உண்டு. முன்னால் வெகு தூரத்தில் தெரியும் ஒரு மரத்தையோ கோபுரத்தையோ பிள்ளையே தேர்ந்தெடுக்கட்டும். "நாம் அதைக் கடப்பதற்குள் எத்தனை வரை எண்ணுவாய்?" என்று கேளுங்கள். முதலில் ஊகம் சொல்ல வேண்டும், பிறகு கண்ணை எடுக்காமல் எண்ண வேண்டும். அது முடிந்ததும் அடுத்த மரம். பிள்ளை விளையாடுவதாக நினைத்துக்கொண்டிருக்கும்போதே கண்ணும் காதும் ஒரே செய்தியைச் சொல்ல ஆரம்பித்திருக்கும்.

தூக்கம் வந்தால் தூங்க விடுங்கள். கண்ணை மூடினாலே முரண்பாடு குறைகிறது. நீண்ட பயணத்தைப் பிள்ளை வழக்கமாகத் தூங்கும் நேரத்தில் வைத்துக்கொள்வது நல்ல யோசனை.

படி 3: வயிறு நிரம்பவும் வேண்டாம், காயவும் வேண்டாம்

வெறும் வயிற்றோடு கூட்டிப்போனால் வாந்தி வராது என்று பலர் நினைக்கிறார்கள். காலி வயிறும் குமட்டும். கிளம்புவதற்குக் கொஞ்சம் முன்னால் எண்ணெயும் காரமும் இல்லாத லேசான உணவு கொஞ்சம் கொடுத்தால் போதும். வழியில் தண்ணீரை ஒவ்வொரு மடக்காகக் கொடுங்கள்.

படி 4: காற்றும் வாசனையும்

காருக்குள் தொங்கும் வாசனைப் பொருளை முதல் நாளே கழற்றிவிடுங்கள். சிகரெட் புகை, தூக்கலான சென்ட், மணக்கிற தின்பண்டம் எதுவும் உள்ளே வேண்டாம். ஜன்னலைச் சிறிது திறந்து வையுங்கள், அல்லது ஏசி காற்று பிள்ளையின் முகத்தில் படுமாறு திருப்புங்கள். சூடான, காற்றோட்டமில்லாத கார் குமட்டலைக் கூட்டும்.

படி 5: ஓட்டுபவருக்கு ஒரு வார்த்தை

சட்டென்று வேகமெடுப்பதும் சடாரென்று பிரேக் போடுவதும் வேண்டாம். வளைவுக்குள் நுழையும் முன்பே வேகத்தைக் குறைக்க வேண்டும். மலைப்பாதை என்றால் இதற்கு இன்னும் கூடுதல் கவனம் தேவை. சீக்கிரம் போய்ச் சேரும் அவசரத்தைக் கைவிட்டாலொழிய மற்ற படிகள் அவ்வளவாகப் பலன் தராது.

படி 6: கைக்கெட்டும் தூரத்தில் ஒரு பை

டிக்கியில் இருக்கும் பை உதவாது. இரண்டு பைகளை ஒன்றுக்குள் ஒன்றாகப் போட்டு, உள்ளே இரண்டு மூன்று டிஷ்யூ தாளைக் கசக்கிப் போடுங்கள், ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். வாயை வெளிப்பக்கமாக இரண்டு முறை மடித்துவிட்டால் பை விரிந்தபடியே நிற்கும், அவசரத்தில் தடவ வேண்டியிருக்காது. சின்னக் குழந்தையிடம் பிளாஸ்டிக் பையைத் தனியாகக் கொடுக்காதீர்கள், மூச்சடைக்கும் ஆபத்து உண்டு. அவர்களுக்கு வாய் அகன்ற, மூடி போட்ட டப்பாதான் நல்லது. கூடவே ஈரத் துடைப்பான், ஒரு துண்டு, மாற்று உடை. பெரியவர்களுக்கும் ஒரு மாற்றுச் சட்டை எடுத்துக்கொள்ளுங்கள். துண்டைப் பிள்ளையின் மடிமேல் விரிக்கலாம், ஆனால் பெல்ட்டுக்கு அடியிலோ முதுகுக்குப் பின்னாலோ தடிமனாக எதையும் வைக்காதீர்கள். பெல்ட் தளர்ந்துவிடும்.

படி 7: அமைதியானதும் நிறுத்துங்கள்

முதலில் சொன்ன அறிகுறிகள் நினைவிருக்கட்டும்: பேச்சு நிற்பது, கொட்டாவி, வெளுத்த முகம், எச்சில் விழுங்குவது. இவை தெரிந்ததுமே பாதுகாப்பான இடம் பார்த்து நிறுத்த வேண்டும். "இன்னும் கொஞ்ச தூரம்தான், பொறுத்துக்கோ" என்று ஓட்டிக்கொண்டே போவதில் பயனில்லை. வண்டிகள் வராத பக்கமாக இறக்கி, மெதுவாக நடக்க விடுங்கள். இறங்க முடியாத இடமென்றால் கண்ணை மூடிச் சாய்ந்திருக்கட்டும், நெற்றியில் ஈரத்துணி வையுங்கள்.

அறிகுறி இல்லாதபோது "வாந்தி வருதா? வருதா?" என்று கேட்டுக்கொண்டே இருக்காதீர்கள். வரப்போகிறது என்ற எதிர்பார்ப்பே குமட்டலைத் தூண்டும்.

வாந்தி எடுத்துவிட்டால் வாயைக் கொப்பளிக்கச் சொல்லி, உடை மாற்றி, ஆற அமர ஒரு மடக்கு தண்ணீர் கொடுங்கள். உடனே சாப்பிடச் சொல்லி வற்புறுத்த வேண்டாம். முகத்தில் நிறம் திரும்பிய பிறகு கிளம்பலாம்.

மாத்திரை பற்றி

டைமென்ஹைட்ரினேட் என்ற மருந்தை 2 வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்குக் கொடுப்பதுண்டு. அளவை மருத்துவரிடம்தான் கேட்க வேண்டும். கிளம்புவதற்கு அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் முன்பே கொடுத்தால்தான் பலன். தூக்கம் வரும். சில பிள்ளைகள் நேர்மாறாகப் பரபரப்பாகிவிடுவார்கள், அதனால் பயணம் இல்லாத ஒரு நாளில் வீட்டிலேயே கொடுத்துப் பார்க்கலாமா என்றும் மருத்துவரிடம் கேளுங்கள். ப்ரோமெத்தசின் என்ற இன்னொரு குமட்டல் மருந்தை 2 வயதுக்குக் கீழ் கொடுக்கவே கூடாது, மூச்சை ஆபத்தான அளவுக்குக் குறைத்துவிடும். வயிற்றுக் கோளாறுக்காக வீட்டில் வாங்கி வைத்த ஒண்டான்செட்ரான் சிரப் பயணக் குமட்டலைத் தடுக்காது. பெரியவர்கள் காதுக்குப் பின்னால் ஒட்டிக்கொள்ளும் ஸ்கோபாலமைன் மருந்துப் பட்டையும் பிள்ளைகளுக்கு இல்லை.

மணிக்கட்டில் அணியும் அழுத்தப் பட்டையால் பலன் உண்டு என்பதற்கு உறுதியான ஆதாரமில்லை, கெடுதலும் இல்லை. பிள்ளைக்குத் தைரியம் வருமென்றால் போட்டுவிடுங்கள். இஞ்சியும் சிலருக்கு உதவலாம், ஆனால் கெட்டியான இஞ்சி மிட்டாயைச் சின்னக் குழந்தைக்குக் கொடுக்காதீர்கள், தொண்டையில் சிக்கும்.

எப்போது மருத்துவரிடம் போக வேண்டும்?

காரில் ஏறாத நாளிலும் வாந்தி, கடுமையான தலைவலி, நடையில் தள்ளாட்டம், பார்வையிலோ கேட்பதிலோ மாற்றம் இருந்தால் அது பயணக் குமட்டலாக இல்லாமல் போகலாம், தாமதிக்காமல் காட்டுங்கள். இறங்கிய பிறகும் வாந்தி நிற்காமல், தண்ணீரும் தங்காமல், சிறுநீர் குறைந்தாலும் அப்படியே. பயணக் குமட்டல் உள்ள பிள்ளைகள் சிலருக்கு ஒற்றைத் தலைவலியும் இருக்கும். உங்கள் குடும்பத்தில் யாருக்காவது ஒற்றைத் தலைவலி உண்டென்றால் அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள்.