ஊருக்குப் போவதா, மேட்சுக்குப் போவதா: நாங்கள் செய்த தவறுகள்

மகள் பேட்மிண்டன் ஆடத் தொடங்கி ஐந்து வருடம் ஆகிறது. இந்த ஐந்தில் சண்டை இல்லாமல் கழிந்த பொங்கல் எது என்று யோசித்தால், போன பொங்கல் ஒன்றுதான் தேறும். மற்ற நான்கும் எங்கே கோணிப்போயின என்று சொன்னால், புதிதாக ராக்கெட் பையைத் தூக்க ஆரம்பித்திருக்கும் பெற்றோருக்கு உதவலாம்.

பள்ளி லீவு விட்டால்தான் பிள்ளைகளுக்குப் போட்டி வைக்க முடியும். அரையாண்டு லீவு, பொங்கல், மே மாதம் என்று நாம் ஊருக்குப் போக நினைக்கும் நாட்கள்தான் போட்டி நடத்துபவர்களுக்கும் தோது. அதனால் இந்த மோதல் தற்செயலாக வருவதில்லை, வருடம் தவறாமல் வரும். "இந்தத் தடவை மட்டும் எப்படியாவது சமாளிப்போம்" என்று மூன்று வருடம் சொன்னோம். அதுதான் முதல் தவறு.

அடுத்தது டிக்கெட். ரயில் முன்பதிவு 60 நாளுக்கு முன்னால் திறக்கிறது. 2024 அக்டோபர் வரை 120 நாள் இருந்தது. பொங்கலுக்குச் சென்னையிலிருந்து கிளம்பும் நெல்லை எக்ஸ்பிரஸில் இடம் சில நிமிடங்களில் தீர்ந்துவிடும். போட்டியின் டிராவோ, அதாவது யார் யாரோடு ஆடுவது என்ற பட்டியலோ, இரண்டு மூன்று நாள் இருக்கும்போதுதான் கைக்கு வரும். டிரா வரட்டும், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்தால் தட்கல்தான் கதி. தட்கல் முந்தின நாள் காலையில், ஏசிக்கு 10 மணிக்கும் ஸ்லீப்பருக்கு 11 மணிக்கும் திறக்கும். அந்த நேரத்தில் நான் உள்விளையாட்டு அரங்கின் கேலரியில், சிக்னல் ஒரு கோடுகூட இல்லாமல் உட்கார்ந்திருப்பேன். 2025 ஜூலையிலிருந்து ஆன்லைன் தட்கலுக்கு ஆதார் சரிபார்ப்பும் வேண்டும். உறுதியான தட்கல் டிக்கெட்டை ரத்து செய்தால் பணமும் திரும்ப வராது. இப்போதெல்லாம் அறுபதாவது நாள் காலையிலேயே டிக்கெட் போட்டுவிடுகிறோம். வேண்டாம் என்றால் சீக்கிரம் ரத்து செய்கிறோம். எவ்வளவு முன்னால் ரத்து செய்கிறோமோ அவ்வளவு குறைவாகத்தான் பிடிப்பார்கள்.

இதைவிடப் பெரிய தவறு ஒன்று இருக்கிறது. சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

பிள்ளைகள் ஆடும் பேட்மிண்டன் போட்டி பெரும்பாலும் நாக்-அவுட். காலையில் தோற்றால் மதியமே வீட்டுக்குப் போகலாம். ஜெயித்தால் மறுநாளும் ஆட்டம், அதற்கு மறுநாளும் ஆட்டம். ஆக, குடும்பமே எப்போது ஊருக்குக் கிளம்பும் என்பது பதினோரு வயதுப் பிள்ளையின் கையில் வந்து நிற்கிறது. ஒரு வருடம் இரண்டாவது சுற்றுக்கு முன்னால் என் கணவர் என் காதில், "மத்தியானம் முடிஞ்சிருச்சுன்னா ராத்திரி பஸ்ஸைப் பிடிச்சிரலாம்" என்றார். ரகசியமாகத்தான் சொன்னார். ஆனால் இரண்டு படி கீழே உட்கார்ந்து மகள் ஷூ லேஸ் கட்டிக்கொண்டிருந்தாள். போதாக்குறைக்கு அம்பாசமுத்திரத்திலிருந்து என் அம்மா போன். ஸ்பீக்கரில் போட்டதும், "ஏட்டி, எப்ப தோத்துட்டு வாரே? ஆச்சி முறுக்கு சுட்டு வச்சிருக்கேன்லா" என்கிறாள். பாசம்தான், வேறென்ன.

மகள் அந்த ஆட்டத்தில் தோற்றாள். எதிரே ஆடிய பெண் நன்றாகத்தான் ஆடினாள், இதனால்தான் தோற்றாள் என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஆட்டோவில் ஏறியதும், "அப்பாவுக்கு இப்ப சந்தோஷமா?" என்று கேட்டாள். அன்று ராத்திரி பஸ்ஸில் யாரும் யாருடனும் பேசவில்லை.

அதற்குப் பிறகு ஒரே ஏற்பாடுதான். மகள் ஃபைனல் வரை போவாள் என்று வைத்துத்தான் டிக்கெட். முதல் சுற்றிலேயே தோற்றாலும் தேதி மாறாது. மிச்சமாகும் நாளில் தூங்கட்டும், தோழி வீட்டுக்குப் போகட்டும், அது அவள் இஷ்டம்.

பெரியவர்களுக்குச் சொல்வதில்தான் நாம் ரொம்ப மட்டம். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் "மேட்ச் இருக்கு, பொங்கலுக்கு வர முடியாது" என்று ஒரு வரி தட்டிவிட்டு, கீழே கைகூப்பிய படம் ஒன்று. மதுரையில் என் மாமனாருக்கு அது எப்படிப் பட்டிருக்கும்? விளையாட்டு என்ற சொல்லுக்கே நம் ஊரில் எடை கிடையாது. 'விளையாட்டாகச் சொன்னேன்' என்றால் பொருட்படுத்த வேண்டாம் என்றுதானே அர்த்தம்! அதற்காகப் பொங்கலை விடுவதென்றால் அவருக்கு விளங்காது. பரீட்சை என்றால் மட்டும் உடனே விளங்கும்.

போன வருடம் டிசம்பர் ஆரம்பத்திலேயே மாமியாருக்குப் போன் செய்தேன். வர முடியுமா முடியாதா என்று பேச்சை ஆரம்பிக்காமல், "அத்தை, நாங்க கண்டிப்பா இருக்கணும்னா எந்த நாள் இருக்கணும்?" என்று கேட்டேன். யோசிக்காமல், "மாட்டுப் பொங்கல் அன்னைக்கு இருங்க, அன்னைக்குத்தான் உன் நாத்தனார் ரெண்டு பேரும் வர்றாங்க" என்றார். தைப்பொங்கல் பானை பொங்கும்போது நாங்கள் இருந்தே ஆக வேண்டும் என்று நாங்களாக நினைத்துக்கொண்டு மூன்று வருடம் சண்டை போட்டிருக்கிறோம். அவருக்கு அது பெரிதாகவே இல்லை.

இன்னொன்று, ஆண்கள் கொஞ்சம் காது கொடுத்துக் கேட்க வேண்டியது. நாள் குறைந்தால் முதலில் வெட்டு விழுவது மனைவியின் அம்மா வீட்டுக்குத்தான். எங்களுக்கு மதுரை வழியில் இருக்கிறது, அம்பாசமுத்திரம் அதையும் தாண்டி. "இவ்வளவு தூரம் வந்தாச்சு, இனி அங்கே போய்த் திரும்ப நேரம் இல்லை" என்று இரண்டு பொங்கல் மதுரையோடு முடிந்தது. இப்போது கணக்கு எளிது: ஒரு லீவுக்கு அந்த வீடு, அடுத்த லீவுக்கு இந்த வீடு. இரண்டையும் நாலு நாளில் அடைக்கப் பார்த்தால் இரண்டு பக்கமும் மனக்குறைதான் மிஞ்சும்.

திரும்பி வரும் பயணத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. காணும் பொங்கல் ராத்திரி காரில் கிளம்பி, பரனூர் சுங்கச்சாவடியில் ஊர்ந்து, விடிகாலை வீடு வந்து, எட்டு மணிக்குப் பிள்ளையைக் கோர்ட்டில் இறக்கிவிட்டோம் ஒரு தடவை. முதல் கேம் 21-6. அந்த ஆறிலும் நாலு எதிராளி வெளியே அடித்தது. ஆட்டத்துக்கு முன்னால் ஒரு முழு ராத்திரி சொந்தப் படுக்கையில் தூங்கியாக வேண்டும் என்பதில் இப்போது எங்கள் வீட்டில் பேச்சே இல்லை.

ஊரிலும் போய்ப் பயிற்சி, பயிற்சி என்று பிள்ளையை வாட்டாதீர்கள். தெருவில் சித்தப்பா பிள்ளைகளோடு பிளாஸ்டிக் இறகுப்பந்தை வைத்து ஆடினால் ஷாட் கெட்டுவிடும் என்று ஒரு வருடம் தடுத்தேன். மகள் திண்ணையில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தாள். கோச்சிடம் பெருமையாகச் சொன்னபோது அவர் தலையில் அடித்துக்கொண்டார். நாலு நாள் விட்டால் ஒன்றும் ஆகாது, ஸ்கிப்பிங் கயிறு இருந்தால் போதும் என்றார். அந்தக் கோச்சிடமே லீவு தேதியைக் கடைசி நேரத்தில் சொல்வதும் தவறுதான். அவர் பாட்டுக்கு நுழைவுப் பட்டியலில் பெயரைக் கொடுத்திருப்பார்.

எதை விடுவது, எதை விடக்கூடாது? வருடா வருடம் வருவதை விடலாம், ஒரு தடவை மட்டும் வருவதை விடக்கூடாது என்று வைத்துக்கொண்டோம். தாத்தாவின் சதாபிஷேகம் ஒரு தடவைதான். மாவட்டப் போட்டி அடுத்த வருடமும் வரும். ஆனால் வயதுப் பிரிவில் கடைசி வருடமும் ஒரு தடவைதான் என்பதைப் பெரியவர்களிடம் எடுத்துச் சொல்ல வேண்டும். 13 வயதுக்குட்பட்டோர் பிரிவைத் தாண்டினால் நேரே 15-க்குள் போய், தன்னைவிட ஒரு ஜாண் உயரமான பிள்ளைகளோடு ஆட வேண்டும். இப்படிச் சொன்னதும் என் அப்பாவுக்குப் புரிந்தது. போன பொங்கலுக்கு, "நீங்க வர வேண்டாம், நான் வாரேன்" என்று பொங்கல்படிச் சீரைத் தூக்கிக்கொண்டு அவரே ரயிலேறினார். கேலரியில் உட்கார்ந்து, அவித்த பனங்கிழங்கின் நாரை உரித்து உரித்து, பக்கத்தில் இருந்த பெற்றோருக்கெல்லாம் கொடுத்தார்.

எல்லோரும் மறந்துவிடுவது ராக்கெட் பிடிக்காத பிள்ளையை. எங்கள் சின்னவன் நாலு லீவைக் கேலரியில் செல்போனோடு கழித்தவன். போன பொங்கலுக்குப் போட்டி முடிந்து அப்பா ஊர் திரும்பும்போது, அவனையும் கூட அனுப்பினோம். தாமிரபரணிக் கால்வாயில் துண்டை விரித்து மீன் பிடிக்கும் வீடியோவை அக்காவுக்கு அனுப்பினான். மகள் அதை மூன்று தடவை போட்டுப் பார்த்தாள். இந்த மே மாதம் தனக்கும் பத்து நாள் ஆற்றுக் குளியல் வேண்டுமாம். கோச்சிடம் மார்ச்சிலேயே சொல்லிவிட்டோம்.