ஓட்ட வாட்ச் மாற்றப் போகிறீர்களா? பழையதை ஒருமுறை கழுவிப் பாருங்கள்

நாங்கள் பட்டுப்புழு வளர்க்கிறவர்கள். பாப்பாரப்பட்டிக்குக் கொஞ்சம் உள்ளே ஒன்றரை ஏக்கர் மல்பெரி. விடிகாலை நாலு மணிக்கு எழுந்தால்தான் ஓடிவிட்டு வந்து, வெயில் ஏறுவதற்குள் தழை அறுக்க முடியும். ஆறு வருடமாக இப்படித்தான் ஓடுகிறேன். போன ஆடியில், ஓடும் தூரத்தையும் நேரத்தையும் பதிந்து வைக்கும் வாட்சின் கம்பெனியை மாற்றினேன். அதற்கு முன்னால் ஐந்து மாதம் மண்டையைக் குடைந்துகொண்டிருந்தேன். உங்களுக்கு அவ்வளவு நாள் ஆக வேண்டாமே என்றுதான் இதை எழுதுகிறேன்.

ஆரம்பம் இப்படி. இண்டூர் சாலையில் 18 கிலோமீட்டர் ஓடி வீட்டை நெருங்கும்போது வாட்ச் தானாக அணைந்து, தானாக எழுந்தது. ஓடியது எதுவும் அதில் இல்லை. பெங்களூரில் இருக்கும் தம்பியிடம் புலம்பினேன்.

"அக்கா, அதைத் தூக்கிப் போடு. இப்ப வர்றதுல மேப் இருக்கு, பாட்டு இருக்கு, ஈசிஜி இருக்கு."

"பாப்பாரப்பட்டியில எனக்கு எதுக்குடா மேப்?"

அவன் சிரித்தான். ஆனால் அன்று ராத்திரி நானே உட்கார்ந்து புது வாட்சுகளின் வசதிப் பட்டியலை ஒரு மணி நேரம் பார்த்தேன். தப்பு அங்கேதான் தொடங்குகிறது. புதியது என்ன தரும் என்று பார்ப்பதற்கு முன்னால், பழையதில் எதைத் தொட்டோம், எது நம்மைக் கைவிட்டது என்று பார்க்க வேண்டும்.

கூடு விற்ற கணக்கு எழுதும் நோட்டின் கடைசிப் பக்கத்தில் நடுவில் ஒரு கோடு போட்டேன். இடது பக்கம், போன 30 நாளில் நிஜமாகவே பயன்படுத்திய வசதிகள். ஓட்டப் பதிவு, ஒவ்வொரு சுற்றையும் தனியாகக் குறிக்கும் லேப் பட்டன், நாடித் துடிப்பு, பக்கத்தில் படுத்திருக்கும் பிள்ளை எழுந்துவிடாமல் என்னை மட்டும் எழுப்பும் அதிர்வு அலாரம். நாலே நாலு. மூன்று வருடமாக அந்த வாட்சில் கோல்ஃப் கூட இருந்தது. தூக்க மதிப்பெண் என்று ஒன்று உண்டு. ஐந்தாம் பருவப் புழுவுக்குத் தழை போட்டு ஓய்ந்த வாரத்தில் 'உங்களுக்கு ஓய்வு தேவை' என்று சொல்லும். மொத்தத் தழையில் முக்கால் பங்குக்கு மேல் அந்தக் கடைசிப் பருவத்தில்தான் புழு தின்கிறது. ஓய்வு தேவை என்று எனக்கே தெரியாதா?

வலது பக்கம் கோளாறுகள், தேதி போட்டு. ஐந்து மாதத்தில் 19 சேர்ந்தன. 19 தடவை ஏமாற்றிய வாட்சை யார் வைத்துக்கொள்வார்கள் என்று தோன்றும். ஆனால் ஒவ்வொன்றுக்கும் காரணம் தேடியபோது கதை மாறியது.

ஆறு தடவை ஓட்டம் பாதியில் நின்றிருந்தது. மென்பொருள் கோளாறு என்றுதான் நினைத்தேன். ஒரு நாள் மேட்டில் ஏறும்போது கையை மடக்கியபடி தற்செயலாகப் பார்த்தேன்: கண்ணாடி வளையல் சரிந்து வந்து கீழ்ப் பட்டனை நறுக்கென்று அழுத்துகிறது. வாட்ச் நின்றுவிட்டது! நானே நிறுத்திவிட்டு அதைத் திட்டிக்கொண்டிருந்திருக்கிறேன். பட்டனைப் பூட்டும் வசதி அமைப்புகளுக்குள்ளேயே இருந்தது. வளையலைக் கழற்றிவிட்டுக் கிளம்பினால் மாமியார், "ஏம்மா, வெறுங்கையோடவா போற?" என்பார். அதனால் வாட்சை வலது கைக்கு மாற்றினேன், எந்தக் கை என்று அமைப்பிலும் மாற்றினேன். வளையல் இடது கையில் மட்டும். "ஒரு கையிலயாவது இருக்கே" என்று விட்டுவிட்டார்.

நாடித் துடிப்பு நாலு தடவை தாறுமாறு. நிமிடத்துக்கு 172 அடி வைத்தால் துடிப்பும் 172 என்று காட்டும். வாட்சின் அடியில் உள்ள பச்சை விளக்கு தோலில் பட்டுத் திரும்பும் ஒளியை வைத்துத்தான் துடிப்பை எண்ணுகிறது. வாட்ச் தளர்ந்து ஆடினால், துடிப்புக்குப் பதிலாக ஆட்டத்தையே எண்ணிவிடும். மணிக்கட்டு எலும்புக்கு ஒரு விரல் மேலே, சற்று இறுக்கிக் கட்டினால் பெரும்பாலும் சரியாகிவிடும். துல்லியம் வேண்டுமென்றால் புளூடூத் நெஞ்சுப்பட்டை வாங்குங்கள். நாளைக்கு எந்தக் கம்பெனிக்கு மாறினாலும் அது கூடவே வரும்.

பட்டன் சிக்கியது மூன்று தடவை. இது எங்கள் தொழில் செய்த வேலை. புழு தோலுரிக்கும் சமயம் படுக்கை ஈரம் உலர நீற்றிய சுண்ணாம்புத் தூள் தூவுவோம். அது பட்டன் இடுக்கில் போய், வியர்வையோடு சேர்ந்து பூச்சு மாதிரி பிடித்துக்கொள்ளும். வெதுவெதுப்பான நல்ல தண்ணீரில் கொஞ்ச நேரம் ஊறவிட்டு, தண்ணீருக்குள்ளேயே ஒவ்வொரு பட்டனையும் இருபது முப்பது தடவை அழுத்தினேன். வெள்ளையாகக் கரைந்து வந்தது. சோப்பு வேண்டாம், கொதிக்கும் தண்ணீர் வேண்டவே வேண்டாம். ஊசியால் குத்தவும் கூடாது. பக்கத்தில் இருக்கும் பொடித் துளை காற்றழுத்தத்தை வைத்து உயரத்தைக் கணக்கிடுவதற்கானது. அது அடைத்திருந்ததால்தான் நான் வத்தல்மலை ஏறியும் வாட்சில் உயரம் ஏறவில்லை.

செயற்கைக்கோள் கிடைக்காமல் வாசலில் கையைத் தூக்கிக்கொண்டு நின்றது மூன்று தடவை. வரும் நாட்களில் எந்தச் செயற்கைக்கோள் எங்கே இருக்கும் என்ற தகவலை வாட்ச் போன் வழியாக முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொள்கிறது. பல நாள் போனோடு சேர்ந்து அதைப் புதுப்பிக்காவிட்டால் வானத்திலிருந்து நேராகக் கேட்டு வாங்க வேண்டும். தெளிந்த வானத்திலேயே அதற்கு அரை நிமிடமாவது ஆகும், புளியமரத்தடியில் கேட்கவே வேண்டாம். என் போன் பேட்டரியை மிச்சம் பிடிக்கிறேன் என்று வாட்சின் ஆப்பைச் சத்தமில்லாமல் மூடிக்கொண்டிருந்தது. போன் அமைப்பில் அந்த ஆப்புக்கு மட்டும் விலக்குக் கொடுத்தேன், தீர்ந்தது.

மிச்சம் மூன்று: தானாக அணைந்து எழுவது. அதுதான் உண்மையான கோளாறு. அப்டேட் போட்டும் போகவில்லை. கூரியரில் அனுப்பினேன். மூன்று வாரம் கழித்துப் பதில் வந்தது: வாரண்டி முடிந்துவிட்டது, பழுது பார்ப்பதில்லை, வேண்டுமானால் தள்ளுபடியில் புதிது வாங்கிக்கொள்ளுங்கள். மூன்று கோளாறைவிட இந்த ஒரு பதில்தான் என்னைக் கம்பெனி மாற்ற வைத்தது.

அதனால் புதியதைத் தேடும்போது முதல் கேள்வி சர்வீஸ். நான் பார்த்த எந்தக் கம்பெனிக்கும் தர்மபுரியில் சர்வீஸ் சென்டர் இல்லை. எதுவானாலும் கூரியர்தான். அப்படியென்றால் பழுது பார்க்கிறார்களா, மாற்றித் தருகிறார்களா, வாரண்டி எத்தனை வருடம் என்று வாங்குவதற்கு முன்பே எழுத்தில் கேட்டு வாங்குங்கள். துபாயிலிருந்து அண்ணன் வாங்கி வந்தால் விலை குறையலாம், ஆனால் அந்த வாரண்டி இங்கே செல்லுமா என்று கேட்காமல் வாங்காதீர்கள். அப்புறம், வந்து ஒரு மாதம்கூட ஆகாத மாடலை நான் தொடமாட்டேன். முதல் சில அப்டேட்டுகளை வேறு யாராவது சோதித்துக் கொடுக்கட்டும்.

பெரிய பெயர் என்றால் கோளாறே வராது என்று நினைக்க வேண்டாம். 2020 ஜூலையில் கார்மின் என்ற வாட்ச் கம்பெனியின் சர்வர்களைப் பணம் கேட்டுப் பூட்டும் வைரஸ் தாக்கி, சேவை பல நாள் முடங்கியது. 2025 ஜனவரியில் அதே கம்பெனியின் பல மாடல்கள் நீல முக்கோணத்தோடு திரும்பத் திரும்ப எழுந்து உறைந்தன. முதல் சம்பவத்தில் நான் கவனித்தது வேறு: சர்வர் படுத்திருந்தபோதும் வாட்ச் ஓட்டத்தைப் பதிந்துகொண்டுதான் இருந்தது, கேபிள் போட்டுக் கோப்பை எடுக்கவும் முடிந்தது. நெட்டும் ஆப்பும் இல்லாத நாளில் வாட்ச் எவ்வளவு வேலை செய்யும் என்று கேளுங்கள். நான் வாங்கியதில் கேபிளில் கோப்பு எடுக்க முடியாது. விலைக்காக அதில் விட்டுக்கொடுத்தேன், ஒத்துக்கொள்கிறேன்.

வசதிகளில் ஒன்றை மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். புது வாட்சில் ஓரமாக ஒரு டார்ச் விளக்கு இருந்தது. வாட்சில் எதற்கு டார்ச் என்று கேலி செய்தேன். மல்பெரித் தோட்டத்தில் இருட்டில் கால் வைக்கும்போது பாம்பு இருக்கிறதா என்று பார்க்க, இப்போது தினமும் அடிப்பது அதைத்தான். இன்றைக்கு அந்த நோட்டை எழுதினால் இடது பக்கம் ஐந்து வரி இருக்கும்.

பழைய வாட்சின் ஆப் கணக்கை மூடுவதற்கு முன் ஓடியதை எல்லாம் இறக்கி வையுங்கள். சுன்ட்டோ என்ற வாட்ச் கம்பெனி, ஓடியதைச் சேர்த்து வைக்கும் தன் மூவ்ஸ்கவுண்ட் தளத்தையே மூடிவிட்டு வேறு ஆப்புக்கு மாறிய கதை உண்டு. ஜிபிஎக்ஸ் என்ற வகைக் கோப்பில் முக்கியமாகப் பாதைதான் இருக்கும். ஃபிட் என்ற வகையில் எடுத்தால் லேப், துடிப்பு எல்லாம் வரும். உடல் எவ்வளவு ஆக்சிஜனைப் பயன்படுத்த முடியும் என்று சொல்லும் விஓ2 மேக்ஸ் போன்ற மதிப்பெண்கள் மட்டும் கூட வராது. புது வாட்ச் உங்களைப் புதிதாகத்தான் தெரிந்துகொள்ளும், சிலவற்றுக்கு மூன்று வாரம்கூட ஆகும். எனக்கு விஓ2 மேக்ஸ் 43 என்றிருந்தது புதியதில் 39 ஆனது. கால் அதே கால், கணக்குப் போடும் விதம்தான் வேறு.

திருப்பித் தரும் நாள் முடிவதற்குள் சோதித்துவிடுங்கள். இரண்டு வாட்சையும் இரண்டு கையில் கட்டிக்கொண்டு, தர்மபுரி விளையாட்டு அரங்கில் உள் பாதையில் 25 சுற்று ஓடினேன், 10 கிலோமீட்டர். பழையது 10.31, புதியது 10.12. அப்புறம் ஒரு நாள் நாலு மணி நேரம் பதிவிட்டபடி தழை அறுத்தேன், ஈரக் கையால் பட்டனை அழுத்தினேன், போனை வீட்டில் வைத்துவிட்டு ஒரு வாரம் ஓடினேன். சுண்ணாம்பும் தூவினேன். அதைச் செய்யச் சொல்லி எந்தக் கம்பெனியும் எழுதி வைக்கவில்லை. ஆனால் என் வாட்ச் இருக்கப் போவது அங்கேதான்.

பழையது இப்போது புழு மனைக் கதவில் ஆணியில் தொங்குகிறது, தழை போடும் நேரம் பார்க்க. போன வாரம்கூட ஒருமுறை அணைந்து எழுந்தது. யாரும் கவலைப்படவில்லை.