அப்பா வந்தார், அம்மா வந்தாள்: தொடக்கப்பள்ளித் தமிழ்ப் பாடத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அக்கா மகள் இரண்டாம் வகுப்பு படிக்கிறாள். வீட்டுப்பாட நோட்டில் இப்படி ஐந்து முறை எழுதியிருந்தாள்: "அம்மா சமைத்தாள். அப்பா செய்தித்தாள் படித்தார்." கையெழுத்து முத்து முத்தாக இருந்தது. எனக்குத்தான் மனசு கனத்துப் போனது.

அம்மா சமைப்பதும் அப்பா பேப்பர் படிப்பதும் எல்லோர் கண்ணிலும் படும். வினைமுற்றின் கடைசியில் நிற்கும் 'ஆள்', 'ஆர்' அவ்வளவு எளிதில் படாது. தமிழில் 'ஆன்', 'ஆள்' என்ற விகுதிகள் ஆணா பெண்ணா என்று சொல்லும்; 'ஆர்' அதைச் சொல்லாமல் மரியாதையைச் சொல்லும். ஒரே வீட்டுப் பெரியவர்கள் இருவரில் அப்பாவுக்கு 'ஆர்', அம்மாவுக்கு 'ஆள்' என்றால், யாருக்கு மதிப்பு அதிகம் என்பதைக் குழந்தை யாரும் சொல்லித் தராமலே கற்றுக்கொள்கிறது. 'வந்தாள்' என்பதில் நெருக்கம் இருக்கிறது என்று சிலர் சொல்வார்கள். இருக்கலாம். ஆனால் அச்சில் அது நெருக்கமாகத் தெரிவதில்லை. அம்மா, பாட்டி, அத்தை எல்லோருக்கும் 'ஆர்' போடுங்கள்.

அடுத்த தவறு, பாடத்தை மட்டும் பார்த்துவிட்டுப் பயிற்சியை விட்டுவிடுவது. பாடத்தைப் பல பேர் படித்துத் திருத்துவார்கள். 'கோடிட்ட இடத்தை நிரப்புக' பகுதியை யாரும் அப்படி உட்கார்ந்து பார்ப்பதில்லை. "கண்ணன் பந்து விளையாடினான், மாலா கோலம் போட்டாள்" என்ற மாதிரி வாக்கியங்கள் அங்கேதான் தங்கிவிடுகின்றன. பிள்ளைகள் திரும்பத் திரும்ப எழுதி மனப்பாடம் செய்வதும் அவற்றைத்தான். ஒர்க் ஷீட் தயாரிக்கும் ஆசிரியர்களுக்கும் இது பொருந்தும்.

அப்புறம் படம். "மருத்துவர் வந்தார்" என்ற வாக்கியத்தில் ஆணும் இல்லை, பெண்ணும் இல்லை. தமிழ் தரும் அருமையான வசதி இது. ஓவியர் மீசை வரைந்த உடனே அது போய்விடுகிறது. ஓவியருக்குக் குறிப்பு எழுதும்போது 'மருத்துவர்' என்று மட்டும் எழுதி விடாதீர்கள். யார், என்ன வயது, கையில் என்ன என்பதையும் சொல்லுங்கள்.

முத்துலட்சுமி ரெட்டியைப் பற்றி ஒரு பாடம் வைத்தாயிற்று, கடமை முடிந்தது என்று நினைப்பதும் தவறு. அந்த ஒரு பாடத்துக்கு முன்னும் பின்னும் வரும் பெண்கள் எல்லோரும் தண்ணீர் சுமந்துகொண்டிருந்தால், அவர் குழந்தைக்கு அபூர்வப் பிறவியாகத்தான் தெரிவார்.

பெண்ணை வெளியே அனுப்பிவிட்டு ஆணை அடுக்களைக்குள் விடாமல் இருப்பது பாதி வேலை. 2024இல் வந்த கேரளத்தின் மூன்றாம் வகுப்புப் புத்தகத்தில் அப்பா தேங்காய் துருவும் படம் இருக்கிறது. பிரசங்கம் செய்யாமல் ஒரு சாதாரண வீட்டைக் காட்டும் அந்த வழி எனக்கு மிகவும் பிடித்தது. பாடநூல்களைத் திருத்தி அமைத்துப் பெண் சமத்துவம் வளர்க்க வேண்டும் என்று 1986ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கையே சொன்னது. தேங்காய்த் துருவல் வந்து சேர இத்தனை ஆண்டுகள் ஆகியிருக்கின்றன.

பையன்களையும் மறக்கக் கூடாது. கதையில் பையன் அழுதால் உடனே யாராவது "ஆம்பளப் புள்ள அழலாமா?" என்று கேட்கிறார்கள். அந்த வரி வேண்டாம். அவன் அழட்டும், யாராவது பக்கத்தில் வந்து உட்காரட்டும்.

பழைய நூல்கள் விஷயத்தில் எனக்கு வேறு கருத்து. ஆத்திசூடியில் "தையல் சொல் கேளேல்" என்று ஒரு வரி உண்டு. ஒளவை என்ற பெண்ணின் பெயரால் வழங்கும் நூலில் பெண் சொல்லைக் கேட்காதே என்று வருகிறது. சின்ன வகுப்புக்கு அதை எடுக்க வேண்டியதில்லை. ஆனால் அப்படி ஒரு வரியே இல்லாதது போல என்றைக்கும் மறைக்கவும் வேண்டாம். பெரிய வகுப்பில் பாரதியின் புதிய ஆத்திசூடியில் வரும் "தையலை உயர்வு செய்" என்ற வரியைப் பக்கத்தில் வைத்து இரண்டையும் சேர்த்துப் படிக்கச் சொல்லலாம்.

சரி, அச்சாகிக் கையில் வந்துவிட்ட புத்தகத்தை வைத்து வகுப்பில் என்ன செய்வது? படத்தைக் காட்டும் முன், "மருத்துவர் வந்தார்" என்று மட்டும் வாசித்துவிட்டு அவரை வரையச் சொல்லுங்கள். வரைந்த தாள்களை எல்லாம் தரையில் பரப்பி வைத்து, பிள்ளைகளையே எண்ணச் சொல்லுங்கள்.