தொடர்புடையோர் பட்டியலுக்கு இரண்டு கேள்விகள்

ஏரி தூர்வாருதல் போன்ற பொதுப்பணிக்குத் தொடர்புடையோர் (அதனால் பாதிக்கப்படுபவர்கள், அதைத் தடுக்கக்கூடியவர்கள்) பட்டியலை அலுவலகத்தில் அமர்ந்து எழுதாமல், சந்திக்கும் ஒவ்வொருவரிடமும் ‘இதனால் வேறு யாருக்கு இழப்பு வரும்? இதை நிறுத்திவிடக்கூடியவர் யார்?’ என்று கேட்டு, தொடர்ந்து நான்கைந்து பேரிடம் புதுப் பெயர் வராதபோது பட்டியலை முடித்துக்கொள்ளுங்கள். நாமே எழுதினால் நமக்குப் பழக்கமான துறையும் சங்கமும்தான் இடம்பெறும்; மீன் குத்தகைதாரர், ஏரிக்குள் ஆடு மேய்ப்பவர், கடைமடை விவசாயி ஆகியோர் பிறர் சொல்லித்தான் தெரியவருவார்கள். முதல் கேள்வி பாதிப்பையும் இரண்டாவது அதிகாரத்தையும் காட்டுவதால், யாரிடம் நேரில் பேசவேண்டும், யாருக்குத் தகவல் மட்டும் போதும் என்ற பகுப்பும் அப்போதே கிடைத்துவிடுகிறது. இரண்டு விடைகளிலும் பெயர் வருபவரை இயந்திரம் இறங்குவதற்கு முன்பே சந்தித்துவிடுங்கள்.

ஊர் இரு தரப்பாகப் பிரிந்திருந்தால் ஒவ்வொரு தரப்பும் தம்மவரையே சுட்டும் என்பதால், தலைமடையிலும் கடைமடையிலும் தனித்தனியே தொடங்காவிட்டால் இம்முறை பலிக்காது. அனுமதி தரவேண்டிய துறையை அறியவும் இது உதவாது: தமிழ்நாட்டில் 40 ஹெக்டேருக்குக் குறைவான ஆயக்கட்டு (பாசனம் பெறும் நிலப்பரப்பு) உடைய ஏரி பொதுவாக ஊராட்சி ஒன்றியத்தையும், அதற்கு மேற்பட்டது நீர்வளத் துறையையும் சேரும், அதை ஆவணத்தில்தான் பார்க்கவேண்டும்.