மாநகர வட்டார எல்லைகளை மீள வரைதல்: தொகைமதிப்புத் தரவுகளையும் வரைபடத்தையும் கையாளும் முறை

உள்ளூராட்சி வட்டாரங்களின் எல்லைகள் பற்றிப் பொதுமக்களிடம் கருத்துக் கேட்கப்படும்போது, எமது பகுதியிலிருந்து செல்லும் மனுக்களில் பெரும்பாலானவை மனக்குறையை மட்டுமே சொல்கின்றன. எண்ணும் வரைபடமும் இணைந்த மாற்று முன்மொழிவு ஒன்றைக் கருத்துக் கேட்கும் எல்லை நிர்ணயக் குழுக்களால் எளிதில் ஒதுக்கிவிட முடியாது. அத்தகைய முன்மொழிவை ஒரு சனசமூக நிலையமோ கிராம அபிவிருத்திச் சங்கமோ ஒரு மடிக்கணினியை வைத்துக்கொண்டே தயாரிக்கலாம். மட்டக்களப்பு மாநகர சபையை உதாரணமாகக் கொண்டு அதன் வழிமுறையை விளக்குகிறேன்.

நாடளாவிய எல்லை நிர்ணயத்துக்குப் பின், 2017ஆம் ஆண்டின் உள்ளூராட்சித் தேர்தல் திருத்தச் சட்டம் உறுப்பினர்களில் 60 வீதத்தினர் வட்டாரங்களிலிருந்தும் 40 வீதத்தினர் விகிதாசாரப் பட்டியலிலிருந்தும் வருவதற்கு வழிசெய்தது. 2018 பெப்ரவரியிலும் 2025 மே மாதத்திலும் நடந்த தேர்தல்கள் இந்த முறையிலேயே நடைபெற்றன. எல்லை வரையும்போது சனத்தொகை, அதன் அடர்த்தி, இன விகிதாசாரம், புவியியல் அமைப்பு, பொருளாதார நிலை ஆகியன கருத்திற் கொள்ளப்பட வேண்டும். ஆகவே மக்கள் எண்ணிக்கையைச் சமமாகப் பிரித்துக் காட்டுவது மட்டும் போதாது.

முதலில் தேவைப்படுவது, மிகச் சிறிய நிர்வாக அலகான கிராம உத்தியோகத்தர் பிரிவு மட்டத்திலான சனத்தொகை அட்டவணை. மட்டக்களப்பில் 1981க்குப் பின் முழுமையான தொகைமதிப்பு 2012இல்தான் நடந்தது. 2001இல் போர்ச்சூழல் காரணமாக இங்கு கணக்கெடுப்பை முழுமையாக நடத்த முடியவில்லை. இடைப்பட்ட காலத்தில் போரும் 2004ஆம் ஆண்டின் ஆழிப்பேரலையும் மக்களை இடம்மாற்றியிருந்தன. நாவலடி, டச்பார் போன்ற கரையோரப் பகுதிகளிலிருந்து பல குடும்பங்கள் திராய்மடுவுக்குச் சென்று குடியேறின. எனவே பழைய எண்ணை வைத்து எவரும் வாதிட வேண்டாம். 2012ஆம் ஆண்டின் அட்டவணையை அடித்தளமாக வைத்து, 2024ஆம் ஆண்டுத் தொகைமதிப்பின் பிரிவு மட்ட எண்கள் கைக்குக் கிடைக்கும்போது அவற்றை அடுத்த நிரலில் இடுங்கள். எந்தப் பிரிவு வளர்ந்தது, எது தேய்ந்தது என்பதை அந்த இரு நிரல்களுமே காட்டிவிடும்.

வாக்காளர் இடாப்பைச் சனத்தொகைக்குப் பதிலாகப் பயன்படுத்தக் கூடாது. பிள்ளைகள் அதில் இல்லை. மறுபுறம், மத்திய கிழக்கில் நீண்டகாலம் தொழில் புரிவோரின் பெயர்கள் வீட்டு முகவரியில் தொடர்ந்து இருக்கக்கூடும். ஒப்புநோக்க மட்டும் அதை அருகில் வைத்திருங்கள்.

அடுத்து, வரைபடங்களைக் கையாளும் இலவச மென்பொருளான கியூஜிஐஎஸ்ஸில் (QGIS) பிரிவு எல்லைக் கோப்பைத் திறந்து, சனத்தொகை அட்டவணையை அதனுடன் இணைக்க வேண்டும். இங்கேதான் பலருடைய வேலை பழுதாகிறது. பெயரை வைத்து இணைக்காதீர்கள். ‘கருவப்பங்கேணி’ என்ற ஒரு பெயரே ஆங்கில எழுத்தில் பலவாறு எழுதப்படுகிறது. பிரிவின் இலக்கத்தை வைத்து இணையுங்கள். அந்த நிரலை எண்ணாக அல்லாமல் எழுத்தாக அமைத்துக்கொள்ளுங்கள். இல்லையேல் முன்னாலுள்ள பூச்சியம் மறைந்துவிடும், 176ஏ போன்று எழுத்துடன் முடியும் இலக்கங்களும் பொருந்தாமற் போகும். தொகைமதிப்புக் குறியீட்டில் மட்டக்களப்பு 51, அம்பாறை 52 என்ற மாவட்ட இலக்கங்களும் சேர்ந்து வருவதால், வேறு மாவட்டத்தின் அதே இலக்கமுடைய பிரிவுடன் குழப்பம் நேராது. இணைத்தபின் வெறுமையாக நிற்கும் பிரிவு ஒன்றேனும் இருந்தால் அதைத் தீர்க்காமல் மேலே செல்லக் கூடாது.

கணக்கு எளியது. ஒரு சபைக்கு 60,000 மக்களும் 20 ஒற்றை உறுப்பினர் வட்டாரங்களும் இருப்பதாக வைத்துக்கொண்டால் சராசரி 3,000. ஒரு வட்டாரத்தில் 3,900 பேர் இருந்தால் அது சராசரியை விட 30 வீதம் கூடியது. அயல் வட்டாரத்தில் 2,400 பேர் இருந்தால் 20 வீதம் குறைந்தது. இரண்டுக்கும் நடுவிலுள்ள 700 பேர் கொண்ட பிரிவொன்றை மாற்றினால் 3,200, 3,100 என்றாகி, இரு விலகல்களும் 7 வீதத்துக்குள் வந்துவிடுகின்றன. இதைப் போன்ற ஒரு சிறு மாற்றமே ஒரு நல்ல மனுவுக்குப் போதுமானது. முழு நகரையும் புதிதாக வரைந்துகொண்டு போனால் அதை வாசிக்கவே எவருக்கும் பொறுமை இருக்காது.

ஆயினும் எமது நகரில் வரைபடம் ஏமாற்றும். பாலமீன்மடுவும் நாவலடியும், வாவி கடலுடன் கலக்கும் முகத்துவாரத்தின் இரு மருங்கிலும் அருகருகே தெரிகின்றன. தரைவழியாகச் செல்வதானால் நகரைச் சுற்றிக் கல்லடிப் பாலத்தைக் கடக்க வேண்டும். ஒரு உறுப்பினரைச் சந்திக்க அவ்வளவு தூரம் போக வேண்டிய வட்டாரம் எண்ணளவில் எத்தனை சமமாக இருந்தாலும் நியாயமானதன்று. எனவே பிரிவுகளின் மேல் வீதிகளையும் பாலங்களையும் ஒரு தனி அடுக்காக இட்டு, தொடர்ச்சியை நிலத்தின் வழியே சோதியுங்கள். அடர்த்தியைக் கணக்கிடும்போது வாவியின் நீர்ப்பரப்பைக் கழித்துவிடுங்கள். கழிக்காவிட்டால் நெருக்கமான கரையோரக் குடியிருப்பும் ஐதானதாகத் தோன்றும்.

இன விகிதாசாரத்தைக் கையாள்வதற்கு மிகுந்த நேர்மை வேண்டும். கல்முனை மாநகரப் பரப்பில் பெரியநீலாவணை, மருதமுனை, பாண்டிருப்பு எனத் தமிழ், முஸ்லிம் ஊர்கள் பிரதான வீதியோரம் மாறிமாறி அமைந்துள்ளன. அங்கு ஓர் ஊரின் ஓரத்தைச் சற்றே நகர்த்தினாலும் ஒரு சமூகத்தின் குரல் அற்றுப்போகக்கூடும். 900 பேர் செறிந்து வாழும் ஒரு சிறுபான்மைக் குடியிருப்பை மூன்று வட்டாரங்களுக்கு முந்நூறாகப் பிரித்தால் அவர்கள் எங்குமே கணக்கில் வரமாட்டார்கள். கலந்து வாழும் இடங்களுக்குப் பல அங்கத்தவர் வட்டாரம், அதாவது ஒன்றுக்கு மேற்பட்ட உறுப்பினர்களைத் தெரியும் வட்டாரம், என்ற ஏற்பாடு சட்டத்திலேயே உண்டு. பிரிக்க முனையுமுன் அதைப் பரிசீலியுங்கள். உங்கள் வரைபடத்தை மறு சமூகத்தவர் ஒருவரிடம் காட்டி, அவர் எழுப்பும் ஆட்சேபனையையும் குறித்துக்கொள்ளுங்கள்.

ஒரு கிராம உத்தியோகத்தர் பிரிவையே பிளக்க வேண்டியிருந்தால், வீட்டு எண்ணிக்கையை அந்த உத்தியோகத்தரிடம் கேட்டறிந்து, எல்லையை வீதி, வாய்க்கால் போன்ற கண்ணுக்குத் தெரியும் அடையாளத்தில் வையுங்கள். மனுவில் ஒவ்வொரு வட்டாரத்துக்கும் வடக்கு, கிழக்கு, தெற்கு, மேற்கு எல்லைகளைச் சொற்களில் எழுதி, அதிலுள்ள பிரிவு இலக்கங்களையும் மக்கள் தொகையையும் சேர்த்து, முன்னைய வரைபடத்தையும் புதியதையும் ஒரே அளவுத்திட்டத்தில் அருகருகே இணையுங்கள். அனுப்புமுன் எல்லா வட்டாரங்களின் மக்கள் தொகையையும் கூட்டிப் பாருங்கள். அது சபையின் மொத்தத்துடன் ஒருவர் கூடவோ குறையவோ இன்றிப் பொருந்த வேண்டும்.