ரெண்டு சம்பளம், ஒரே ஸ்டேட்மென்ட்

கணவன் மனைவி இருவருக்கும் நல்ல சம்பளம் என்றால் வங்கிகள் ஆளுக்கு நாலு கிரெடிட் கார்டு நீட்டும். எல்லாவற்றையும் வாங்கிப் போடாதீர்கள். எங்கள் வீட்டில் இரண்டே கணக்குதான்: என் பெயரில் ஒன்று, அதிலேயே வீட்டுக்காரருக்கு ஒரு ஆட்-ஆன் (துணை) கார்டு, அப்புறம் யுபிஐயில் சேர்த்த ஒரு ரூபே கார்டு. ஆட்-ஆனில் யார் செலவழித்தாலும் ரிவார்டு பாயிண்ட் ஒரே இடத்தில் சேரும், பில்லும் ஒன்றாக வரும்.

முதல் வேலை, பில் தொகை வங்கிக் கணக்கிலிருந்து தானாகவே போகும் ஆட்டோ டெபிட். அதில் 'மினிமம் டியூ' (குறைந்தபட்சத் தொகை) இல்லை, 'டோட்டல் டியூ' (முழு பாக்கி) என்பதைத் தேர்ந்தெடுங்கள். ஒரு மாதம் அவர் கட்டியிருப்பார் என்று நானும், நான் கட்டியிருப்பேன் என்று அவரும் இருந்துவிட்டோம். மாதம் மூன்றரை சதவீத வட்டி, அதற்கு மேல் 18 சதவீத ஜிஎஸ்டி, தாமதக் கட்டணம் தனி என்று வந்ததில் நாலு மாதம் சேர்த்த பாயிண்டெல்லாம் போச்சு!

மதுரை கீழமாசி வீதியில் மாத மளிகை வாங்கும்போது கார்டு என்றாலே 2 சதவீதம் கூடக் கேட்கிற கடையும் உண்டு. ஒரு சதவீதப் பாயிண்டுக்காக அதைக் கொடுப்பானேன்? அங்கே ரொக்கம்தான். பெட்ரோல், வாடகைக்குப் பல கார்டுகளில் பாயிண்டே கிடையாது, விதிமுறையைப் படித்துவிடுங்கள். ஏடிஎம்மில் மட்டும் கிரெடிட் கார்டைச் செருகவே வேண்டாம், எடுத்த அன்றே வட்டி ஓட ஆரம்பித்துவிடும்.

ஸ்டேட்மென்ட் வந்ததும் ஞாயிற்றுக்கிழமை ஜிகர்தண்டாவோடு இருவரும் உட்கார்ந்து வரிவரியாகப் பாருங்கள். மறந்துபோன ஓடிடி சந்தா ஒன்றாவது சிக்கும்.